காலநிலை வழக்கில் கோரிக்கைப் பகுதியை முதலில் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலநிலை மாற்றத்துக்காக அரசுகள் மீது சிறுவர்களும் இளைஞர்களும் தொடுக்கும் வழக்குகள் பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. தாக்கலான அன்று நீதிமன்றப் படிக்கட்டில் எடுத்த படம் வருகிறது. தீர்ப்பன்று ‘வெற்றி’ என்றோ ‘தள்ளுபடி’ என்றோ ஒரு தலைப்பு வருகிறது. அதோடு கதை முடிந்துவிடுகிறது. எந்தச் சட்டப்பிரிவை எதிர்த்தார்கள், நீதிபதியிடம் என்ன உத்தரவு கேட்டார்கள், கிடைத்த உத்தரவை அரசு மதித்ததா என்பதெல்லாம் செய்தியில் இருப்பதில்லை. இந்த வழக்குகளின் தலையெழுத்தே அந்த விவரங்களில்தான் இருக்கிறது. பூமி சூடாகிறதா என்பது பற்றி இன்று நீதிமன்றங்களில் பெரிய சர்ச்சை இல்லை. ‘சரி, அதற்கு நீதிபதியாகிய நான் என்ன செய்ய முடியும்?’ என்ற கேள்வியில்தான் வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன.

அமெரிக்காவின் ஜூலியானா வழக்கை எடுத்துக்கொள்வோம். 2015 ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் 21 பேர் தொடுத்தார்கள். இளையவருக்கு வயது 8, மூத்தவருக்கு 19. ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. 2017 ஜனவரியில், ஒபாமா ஆட்சி முடிய ஒரு வாரம் இருந்தபோது அரசுத் தரப்பு தாக்கல் செய்த பதில் மனுவே காலநிலை அறிவியலின் அடிப்படை உண்மைகள் பலவற்றை ஒப்புக்கொண்டது. 2020 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வும் மனுதாரர்களுக்கு நேரடிப் பாதிப்பு இருப்பதை ஏற்றது. ஆனாலும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வழக்கு தோற்றது. காரணம், கேட்ட நிவாரணம், அதாவது நீதிமன்றம் இட வேண்டும் என்று அவர்கள் கோரிய உத்தரவு. புதைபடிவ எரிபொருள் பயன்பாட்டை நாடு முழுவதும் படிப்படியாக நிறுத்தவும், காற்றில் மிகுந்துவிட்ட கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கவும் ஒரு திட்டம் வகுத்து நிறைவேற்றும்படி அரசுக்கு ஆணையிடச் சொன்னார்கள். அப்படி ஆணையிட்டால் அத்திட்டம் போதுமா, சரியாக நடக்கிறதா என்று நீதிமன்றமே பல பத்தாண்டுகள் மேற்பார்க்க வேண்டிவரும். அது சட்டமன்றத்தின் வேலை, நிர்வாகத்தின் வேலை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கை விரித்துவிட்டார்கள். பிறகு மனுவைத் திருத்தி, உரிமை மீறப்பட்டதாக அறிவித்தால் போதும் என்று கேட்டார்கள். அதுவும் 2024 மே மாதம் தள்ளுபடியானது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்தது. பத்தாண்டுகள் ஓடின, முழு விசாரணை ஒரு நாள்கூட நடக்கவில்லை.

இதே வழக்கறிஞர் வட்டாரம் மொன்டானா மாநிலத்தில் 2020 மார்ச்சில் தொடுத்த ஹெல்ட் வழக்கு வேறு பாதையில் போனது. மனுதாரர்கள் 16 பேர். அம்மாநில அரசமைப்புச் சட்டம் 1972 முதலே தூய்மையான, நலமான சுற்றுச்சூழலுக்கான உரிமையை எழுத்தில் தந்திருக்கிறது. சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் உரிமம் தருமுன் செய்யும் சுற்றுச்சூழல் ஆய்வில் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று ஒரு சட்டப்பிரிவும் அங்கே இருந்தது. உரிமையும் எழுத்தில் இருக்கிறது, அதை மீறும் பிரிவும் எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை எந்த நீதிபதியும் தன் வேலை இல்லை என்று சொல்ல முடியாது.

இவ்வழக்கிலும் முதலில் அதிகமாகத்தான் கேட்டிருந்தார்கள். மாநிலம் முழுவதற்கும் உமிழ்வுக் கணக்கு, குறைப்புத் திட்டம், மேற்பார்வைக்கு ஒரு சிறப்பு அலுவலர் என்றெல்லாம் மனுவில் இருந்தது. 2021 ஆகஸ்டில் நீதிபதி அவற்றை வெட்டிவிட்டார். சட்டப்பிரிவு செல்லாது என்று அறிவிக்கும் கோரிக்கை மட்டும் மிஞ்சியது. அந்த வெட்டுதான் வழக்கைக் காப்பாற்றியது என்பது எங்கள் கணிப்பு. 2023 ஜூனில் ஏழு நாள் விசாரணை நடந்தது. அரசுத் தரப்பு சாட்சியம் ஒரே நாளில் முடிந்தது. ஆகஸ்ட் 14 அன்று அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2024 டிசம்பர் 18 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. ஆனால் அதே மொன்டானாவில், கூட்டாட்சி நீதிமன்றத்தில், அமெரிக்க அதிபரின் மூன்று எரிசக்தி ஆணைகளை எதிர்த்து 22 இளைஞர்கள் 2025 மே மாதம் தொடுத்த வழக்கு அக்டோபரில் தள்ளுபடியாகிவிட்டது. ஜூலியானா போட்ட முட்டுக்கட்டைதான் அங்கேயும்: நீதிமன்றம் மேற்பார்க்க முடியாத நிவாரணம். இடம் ஒன்று, ஆதாரமும் ஏறக்குறைய ஒன்று. மாறியது கோரிக்கையும் நீதிமன்றமும்தான்.

இந்தியாவில் 2017இல் 9 வயதுச் சிறுமி ஒருவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடுத்த வழக்கையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். நாட்டுக்கு ஒரு கார்பன் வரம்பு, ஒரு தேசிய மீட்புத் திட்டம் என்பன அதன் கோரிக்கைகள். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி நடக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலேயே காலநிலையும் அடங்கும், அதைக் கவனிக்காமல் அனுமதி தருகிறார்கள் என்று கருத முகாந்திரம் இல்லை என்று சொல்லி 2019 ஜனவரியில் மனுவை முடித்துவிட்டார்கள். அந்த அனுமானம் தவறு என்று காட்ட, காலநிலை பற்றி ஒரு வரிகூட இல்லாத குறிப்பிட்ட ஓர் அனுமதிக் கோப்பை மேசைமேல் வைத்திருக்க வேண்டும். பொதுவான குற்றச்சாட்டுக்குப் பொதுவான மறுப்பே போதும். கோப்பு எண்ணோடு வரும் குற்றச்சாட்டுக்கு அரசு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜெர்மனியும் தென்கொரியாவும் காட்டிய உத்தி இன்னும் நுட்பமானது. இதைத்தான் இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும் என்போம். ஜெர்மனியின் 2019 காலநிலைச் சட்டம் 1990ஆம் ஆண்டு அளவை ஒப்பிட்டு 2030க்குள் உமிழ்வை 55 விழுக்காடு குறைக்கச் சொன்னது. 2030க்குப் பின் என்ன என்பதற்குப் போதுமான விதி இல்லை. மனுதாரர்கள் அந்த வெற்றிடத்தைப் பிடித்தார்கள். கணக்கு எளிது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட உலக வெப்பம் கூடுவது 1.5 டிகிரிக்குள் நிற்க ஐம்பது விழுக்காடு வாய்ப்பு வேண்டுமானால், 2020 தொடக்கத்திலிருந்து உமிழக்கூடிய மொத்தக் கார்பன் டை ஆக்சைடு சுமார் 50,000 கோடி டன் என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி டன் போய்க்கொண்டிருக்கிறது. ஜெர்மன் அரசின் ஆலோசனைக் குழுவே, 1.75 டிகிரி வரம்பை வைத்து, மக்கள்தொகைப்படி அந்நாட்டின் பங்கு 670 கோடி டன் என்று கணித்திருந்தது. சட்டம் சொன்ன வேகத்தில் போனால் அதில் பெரும்பகுதி 2030க்குள்ளேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு வாழ்பவர்கள் பயணம், தொழில், வீடு என எல்லாவற்றிலும் மிகக் கடுமையான தடைகளைச் சந்திக்க நேரும். ஆகவே இன்றைய மெத்தனம் நாளைய சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2021இல் கூறியது. அரசு சில மாதங்களுக்குள் சட்டத்தைத் திருத்தி, 2030 இலக்கை 65 விழுக்காடாக உயர்த்தி, 2045க்குள் நிகர பூஜ்யம் (உமிழ்வதும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலை) என்று அறிவித்தது.

கொரியாவில் 2020 மார்ச்சில் 19 இளைஞர்கள் ஆரம்பித்தார்கள். 2022இல் குழந்தைகள் பெயரில் இன்னொரு மனு சேர்ந்தது. மனுதாரர்களில் ஒருவர் அப்போது தாய் வயிற்றில் இருந்த சிசு. 2024 ஆகஸ்ட் 29 அன்று வந்த தீர்ப்பு, 2031 முதல் 2049 வரைக்கான எண்ணிக்கை இலக்கு இல்லாதது அரசமைப்புக்கு முரண் என்று கூறி, 2026 பிப்ரவரி 28க்குள் திருத்தக் கெடு வைத்தது. ஆனால் 2030க்குள் உமிழ்வை 40 விழுக்காடு குறைப்பது என்ற இலக்கே போதாது என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஜெர்மன் நீதிமன்றமும் 55 என்ற எண்ணைத் தொடவில்லை. எது சரியான எண் என்று சொல்ல நீதிபதிகள் தயங்குவார்கள். எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைக் காட்டினால் தயங்க மாட்டார்கள்.

இதற்கு விலக்கு, நெதர்லாந்தில் உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கு. அது இளைஞர் வழக்கு அல்ல என்றாலும் பின்வந்தவற்றுக்கெல்லாம் வழி திறந்தது. 2020 முடிவுக்குள் உமிழ்வைக் குறைந்தது 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று நீதிமன்றமே எண்ணைச் சொன்னது. 2019 டிசம்பர் 20 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. எப்படி முடிந்தது? வளர்ந்த நாடுகளுக்கு 25 முதல் 40 விழுக்காடு என்ற வரம்பு ஐ.பி.சி.சி. அறிக்கையில் இருந்தது, சர்வதேசப் பேச்சுகளில் நெதர்லாந்தும் அதை ஏற்றிருந்தது. மனுதாரர்கள் கேட்டது அதன் அடிமட்டம். அரசு ஒப்புக்கொண்ட ஏட்டிலிருந்தே எண்ணை எடுத்தால் அது நீதிபதியின் சொந்த எண் ஆகாது. ‘உலக உமிழ்வில் எங்கள் பங்கு அரை விழுக்காடுதான்’ என்ற வாதமும் அங்கேதான் அடிபட்டது. எல்லா நாடும் அப்படிச் சொன்னால் பொறுப்பேற்க எவரும் மிஞ்ச மாட்டார்கள் என்ற பதில் இன்று பல நாடுகளின் தீர்ப்புகளில் எதிரொலிக்கிறது.

இனி ஆதாரம். உமிழ்வு, வெப்பம், உள்ளூர்ப் பாதிப்பு, மனுதாரரின் உடலோ நிலமோ அடைந்த கேடு என்ற சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் தனி ஆவணம் வேண்டும். பெரும்பாலும் அறுபடுவது கடைசிக் கண்ணிதான். காட்டுத்தீப் புகையால் ஆஸ்துமா கூடியது என்று ஒரு சிறுமி சொல்கிறாள் என்றால், மருத்துவமனைச் சீட்டுகள் தேதி வாரியாக வேண்டும். அதே தேதிகளில் அருகிலுள்ள அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் நுண்துகள் அளவு வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டின் நகலும் தீ பற்றிய அரசு அறிவிப்பும் உடன் இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணையாக நின்றால் நீதிபதி வேறு விளக்கம் கேட்க மாட்டார். குறுக்கு விசாரணையில் வரும் முதல் கேள்வி, ‘இந்த நோய் தீக்கு முன்பே இருந்ததா?’ என்பதே. புகையால் நோய் வந்தது என்று மனுவில் எழுதியிருந்தால் அங்கேயே கதை கந்தலாகிவிடும். இருந்த நோய் புகையால் முற்றியது என்று எழுதி, மருத்துவரும் அதையே சொன்னால் வாதம் நிற்கும்.

வானிலைத் தரவிலும் சறுக்கல் உண்டு. ஓர் ஆண்டு மழை பொய்த்ததைக் காட்டினால் அது காலநிலை ஆகாது. குறைந்தது 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். இடையில் நிலையத்தை இடம் மாற்றியிருந்தால் தரவில் ஒரு திடீர்த் தாவல் தெரியும். அதை நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் மற்ற தரவுகளின் மேலும் சந்தேகம் விழும். ஒரு வெள்ளத்தையோ வெப்ப அலையையோ ஆராயும் விஞ்ஞானிகள், புவி வெப்பமாதலால் அதன் வாய்ப்பு இத்தனை மடங்கு கூடியது என்றுதான் சொல்வார்கள். அதை மனுவில் ‘காரணம்’ என்று மாற்றி எழுதுவது ஆர்வத்தால் செய்யும் தவறு. நிபுணரையே எதிர்த்தரப்பின் சாட்சியாக்கிவிடும் தவறும்கூட.

அரசின் சொந்த ஆவணங்களைப் போல வலுவான சாட்சி வேறில்லை. அமைச்சக ஆண்டறிக்கை, ஐ.நா.வுக்கு அனுப்பிய உமிழ்வுக் கணக்கு, சட்டமன்றத்தில் தந்த பதில், உரிமக் கோப்பு ஆகியவற்றை வழக்கு தொடுப்பதற்கு முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். கடந்த பத்தாண்டில் எத்தனை சுரங்க விண்ணப்பங்களைக் காலநிலைக் காரணம் சொல்லி நிராகரித்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வரும் பதில் பல பக்க வாதத்துக்குச் சமம்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதிலும் நிறைய வழக்குகள் வீணாயின. ஆறு போர்ச்சுகீசிய இளைஞர்கள் 2020இல் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு நேராக இழுத்தார்கள். 2024 ஏப்ரல் 9 அன்று அது தள்ளுபடியானது. போர்ச்சுகல் நீதிமன்றங்களுக்கு அவர்கள் போகவே இல்லை. பிற நாடுகளுக்கோ அவர்கள்மீது அதிகார வரம்பு இல்லை. அதே நாளில் அதே நீதிமன்றத்தில் சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் சங்கம் ஜெயித்தது. உள்நாட்டில் எல்லாப் படிகளும் ஏறி இறங்கிவிட்டு வந்தவர்கள் அவர்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு: தனி நபராகச் சேர்ந்த நான்கு பெண்களின் மனு ஏற்கப்படவில்லை, சங்கத்தின் மனு ஏற்கப்பட்டது. சட்டப்படி அமைந்து, இந்த நோக்கத்துக்காகவே இயங்கி, பாதிக்கப்படுவோரை உண்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யும் சங்கத்துக்கு அங்கே கதவு அகலமாகத் திறக்கிறது. ஐ.நா. குழந்தை உரிமைக் குழுவிடம் 2019இல் 16 சிறுவர்கள் ஐந்து நாடுகள் மீது தந்த புகாரும், உள்நாட்டு வழிகளை முயலவில்லை என்ற காரணத்தால்தான் 2021இல் நின்றுபோனது. உள்ளூர் நீதிமன்றத்தில் தோற்பது வீண் அலைச்சல் அல்ல. மேலே போவதற்கான அனுமதிச் சீட்டு அது.

வயது பற்றி ஒரு சொல். 18 நிரம்பாதவர் காப்பாளர் வழியாகத்தான் வழக்கு தொடுக்க முடியும். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கட்டும்படி உத்தரவானால் பல நாடுகளில் அது காப்பாளர் தலையில் விழலாம். ஆஸ்திரேலியாவில் எட்டுச் சிறுவர்கள் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்துப் போனபோது முதிய கன்னியாஸ்திரீ ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். 2021இல் ஜெயித்த அவ்வழக்கு 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. காப்பாளரும் வழக்கறிஞரும் முதல் நாளே எழுத்தில் பேசி முடிக்க வேண்டியவை இருக்கின்றன. செலவு யாருடையது? பிள்ளை இடையில் விலக விரும்பினால் என்ன செய்வது? மருத்துவக் குறிப்புகள் பொதுவெளிக்கு வராமல் எப்படிக் காப்பது? பிள்ளையின் பெயர் இணையத்தில் என்றும் நிற்கும். பெரியவர்களின் போராட்ட ஆசைக்குப் பிள்ளைகளை முன் நிறுத்தும் வழக்குகளை நாங்கள் ஆதரிக்கவில்லை.

தீர்ப்புக்குப் பின்தான் நீண்ட பாதை. கொலம்பியாவில் 25 பேர் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அமேசான் காட்டையே உரிமை உடையதாக அறிவித்து, காடழிப்பைத் தடுக்கச் செயல்திட்டம் வகுக்க நான்கு மாதக் கெடுவும் வைத்தது. உலகமே கொண்டாடியது. அடுத்த ஆண்டே மனுதாரர்கள், அரசு உத்தரவை நிறைவேற்றவில்லை என்று நீதிமன்றத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மொன்டானா சட்டமன்றம் 2025இல் அதே சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டத்தை மறுபடி திருத்தியது. ஜெர்மனியில் துறைவாரியான ஆண்டு இலக்குகளின் கட்டாயத்தை 2024இல் தளர்த்தினார்கள். உத்தரவில் யார், எதை, எந்தத் தேதிக்குள், யாரிடம் அறிக்கை தர வேண்டும் என்ற நான்கும் இல்லையென்றால் அது நீர்த்துப்போக வழி தானாக அமைந்துவிடும்.

அந்த நான்கும் உள்ள உத்தரவு எப்படி இருக்கும் என்பதற்கு ஹவாய் உதாரணம். அங்கே 13 இளைஞர்கள் மொத்த மாநில அரசின் கொள்கையையும் தாக்காமல் போக்குவரத்துத் துறையைக் குறிவைத்தார்கள். விசாரணை தொடங்கச் சில நாளே இருந்தபோது, 2024 ஜூன் 20 அன்று சமரசம் எட்டப்பட்டது. தரைப் போக்குவரத்திலும், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல், விமானங்களிலும் 2045க்குள் உமிழ்வைப் பூஜ்யமாக்க வேண்டும். மின்வாகன மின்னேற்றும் வசதிக்கு 2030க்குள் குறைந்தது 4 கோடி டாலர் ஒதுக்க வேண்டும். துறைக்கு ஆலோசனை சொல்ல இளைஞர் குழு ஒன்று வேண்டும். நீதிமன்றத்தின் மேற்பார்வையும் தொடர வேண்டும். நீதிமன்றம் மேற்பார்க்க முடியாது என்பதால் ஜூலியானா விழுந்தது; இங்கே அரசே அந்த மேற்பார்வைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டது. ஒரு துறை, ஒரு தேதி, ஒரு தொகை என்று சுருக்கிக் கேட்டதால் கிடைத்த பலன் இது.

வனுவாட்டுவில் பசிபிக் சட்ட மாணவர்கள் 27 பேர் 2019இல் தொடங்கிய முயற்சி சர்வதேச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலை 23 அன்று ஆலோசனைக் கருத்தாக வந்திருக்கிறது. எரிபொருள் அகழ்வுக்கு உரிமம் தருவதும் மானியம் தருவதும்கூடச் சர்வதேசச் சட்டத்தை மீறிய செயலாகலாம் என்று அதில் இருக்கிறது. அது யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் உள்நாட்டு மனுவில் மேற்கோள் காட்டத்தக்கது. இனி வரும் மனுக்கள் சுரங்க உரிமங்களையும் மானியங்களையும் பெயர் சொல்லித் தாக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு வழக்குச் செய்தி வரும்போது, எதிர்த்த சட்டப்பிரிவும் கேட்ட நிவாரணமும் இரண்டு வரியில் இடம்பெறட்டும். தீர்ப்பில் கெடு இருந்தால் அந்தத் தேதியைச் செய்திப் பிரிவின் நாட்காட்டியில் குறித்துவைத்து, அன்று அந்த அரசு என்ன செய்தது என்று ஒரு பத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சுற்றுச்சூழல் வழக்குகளைத் தொடர்ந்து கவனித்துவரும் வாசகர்கள்